ஜமீலாவும் ஒரு பாசஞ்சர் ரயிலும்

சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’ குறுநாவலைச் சென்ற மாதம் மீண்டும் வாசித்தேன். முதல்முறை வாசித்தது 1987இல். அப்போது நான் பதினோராம் வகுப்பு மாணவன். புத்தகம் அதேதான், மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவு விலைக்குக் கிடைத்த பிரதி. ஆனால் அன்று நான் வாசித்ததாக நினைத்திருந்த கதை இப்போது அதில் இல்லை.

1958இல் வெளிவந்த படைப்பு இது. இரண்டாம் உலகப் போர்க்காலம். கிர்கீசியக் கிராமம் ஒன்றில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்களும் சிறுவர்களும் கூட்டுப்பண்ணை தானியத்தை வண்டிகளில் ஏற்றி ரயில் நிலையத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். ஜமீலாவின் கணவன் சாதிக் போர்முனையிலிருந்து எழுதும் கடிதங்களில் குடும்பத்தினர் அத்தனை பேரையும் வரிசையாக நலம் விசாரிக்கிறான். கடைசியில்தான் மனைவி வருகிறாள். நம் வீடுகளுக்கு வந்த பட்டாளத்துக் கடிதங்களும் அப்படித்தானே இருந்தன! காலில் காயம்பட்டு ஊர் திரும்பிய தனியார் என்ற அநாதை, இரவில் வெற்று வண்டிகள் திரும்பும்போது பாடுகிறான். அந்தப் பாட்டில் ஜமீலா தன்னைக் கண்டுகொள்கிறாள். இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள். இதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த கவிஞர் லூயி அரகோன் உலகின் மிக அழகான காதல் கதை என்று இதைக் கொண்டாடினார்.

கதையைச் சொல்பவன் செய்த், ஜமீலாவின் கொழுந்தன். பதினைந்து வயது இருக்கலாம். பையன் கூடவே இருப்பான், வேறு எவனும் நெருங்க மாட்டான் என்று வீட்டாருக்கு நம்பிக்கை சொல்லித்தான் அவளை வண்டி ஓட்ட அனுப்புகிறார்கள். அதாவது, அவன் காவலுக்குப் போனவன்.

நானும் காவலுக்குப் போனவன்தான்.

எங்கள் வீடு திண்டிவனத்தில், பள்ளி விழுப்புரத்தில். தினமும் காலை பாசஞ்சரில் சீசன் டிக்கெட் பயணம். எதிர்வீட்டு அக்கா விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது, அவருடைய அம்மா என்னிடம், “கூடவே போய்க் கூடவே வா தம்பி” என்றார். மீட்டர் பாதைக் காலம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வண்டி நின்று நின்று போகும். அக்காவுக்கு ஜன்னலோரம் இடம்பிடிப்பது என் வேலை. அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, தம்பிதான். ஜமீலாவும் செய்தைப் பெயர் சொல்லாமல் ‘சின்னப் பையா’ என்றே கூப்பிடுகிறாள். கணவன் வீட்டு ஆண்களைப் பெயரிட்டு அழைப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

மூன்றாம் மாதம், விக்கிரவாண்டியில் ஏறும் ஒருவர் எங்கள் பெட்டிக்கு வரத் தொடங்கினார். அதிகம் பேச மாட்டார். ஒரு புத்தகம் கொடுப்பார், ஒரு புத்தகம் வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான். ஒரு நாள் அவர் கொடுத்த ‘ஜமீலா’வை அக்கா என்னிடம் நீட்டி, “படிச்சிட்டுக் குடு தம்பி” என்றார். நான் அதைத் திறக்கவில்லை. அவர்களிடையே கைமாறிய பொருள் என்பதாலேயே அதன்மேல் எனக்குக் கோபமாக இருந்தது. காரணம் அப்போது விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வாசலில் அரிசி புடைத்தபடி சாதாரணமாகத்தான் கேட்டார்: “ரயில்ல யார்கூடனா பேசறாளா?”

சொன்னேன். கேட்டதற்கு மேலேயே சொன்னேன். அவர் எந்த ஊரில் ஏறுகிறார் என்பதைக்கூட.

திங்கட்கிழமை அக்கா ரயிலுக்கு வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. தை பிறந்ததும் வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். விக்கிரவாண்டிக்காரர் சில நாட்கள் ஏறி, ஜன்னலோரத்தைப் பார்த்துவிட்டு வேறு பெட்டிக்குப் போனார். பிறகு அவரும் இல்லை. தெருவில் என்னை நல்ல பிள்ளை என்றார்கள்.

அந்த நாட்களில்தான் ‘ஜமீலா’வை வாசித்தேன். ஓடிப்போனவர்களின் கதை என்று படித்து, நான் செய்தது சரிதான் என்று முடிவுகட்டி மூடிவைத்தேன்.

இப்போது வாசிக்கையில் செய்திடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும். தனியாரை முதலில் அவனும் சந்தேகமாகத்தான் பார்க்கிறான். ஜமீலாவை யார் நெருங்கினாலும் அவனுக்குப் பொறுக்காது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டபின், தன்னை விலக்கிவைக்கும் அந்த அன்பின் பக்கமே நிற்கிறான். யாரிடமும் சொல்வதில்லை. இருவரும் ஆற்றைக் கடந்து போவதைப் பார்க்கும்போதுதான், தானும் அவளைக் காதலித்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிகிறது. அவர்களை வரைந்து வைத்த படத்தைக் கண்ட சாதிக் அவனைத் துரோகி என்கிறான். அந்தப் படத்திலிருந்துதான் அவன் ஓவியனாகிறான்.

பேசாமல் இருந்ததால் அவன் துரோகி. பேசியதால் நான் நல்ல பிள்ளை. நான் சொன்னதில் பொய் ஏதுமில்லை என்று இத்தனை ஆண்டுகள் சமாதானம் சொல்லிவந்தேன். ஆனால் அந்த உண்மையை என் வாயில் வைத்தது அக்காவின் நன்மை அல்ல. ஜன்னலோரத்தில் எனக்கு எதிரே இன்னொருவர் வந்து உட்கார்ந்ததுதான். பதின்வயதின் முதல் காதலை இனிமை என்றே எழுதிப் பழகியிருக்கிறோம். அது தன் பெயர் தெரியாமலேயே இன்னொருவரின் வாழ்க்கையைத் திருப்பிவிடவும் கூடும்.

விழுப்புரம் சந்திப்பு வழியாக இப்போதும் போய்வருகிறேன். அகலப்பாதை வந்துவிட்டது, வண்டிகள் வேகமாகப் போகின்றன. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் அவர் பெயர் இருக்கிறது. படித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார். நான் இப்போதுதான் படித்து முடித்திருக்கிறேன்.