எத்தனை நாள் ஆகும்?

முப்பத்தாறு வருட வங்கி வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "எத்தனை நாளில் கட்டுவீங்க?" என்பதுதான். நாள் சொல்லத் தெரியாதவருக்குக் கடன் கிடையாது. ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

2012-ல் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திருச்சி வீட்டுக்கு வந்ததும் ஒரு இளைஞர் பிசியோதெரபி கொடுக்க தினமும் வர ஆரம்பித்தார். ஒரு தடவைக்கு 250 ரூபாய். இரண்டே மாதத்தில் கால் தேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கைதான் படுத்தியது. விரல்கள் லேசாக அசையும். டம்ளரைப் பிடிக்க வராது.

"தம்பி, கை சரியாக இன்னும் எத்தனை நாள் ஆகும்?"

"கரெக்டா சொல்ல முடியாது சார். விடாம பண்ணிக்கிட்டே இருக்கணும்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தொழில் தெரிந்தவன் நாள் சொல்ல மாட்டானா என்று நினைத்தேன். "மூணு மாசத்துல வந்தாத்தான் உண்டு, அப்புறம் வராது" என்று பார்க்க வந்தவர்கள் வேறு சொன்னார்கள். நான்காவது மாதம் அவரை நிறுத்திவிட்டேன். இவள் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஏழு வருடம் கழித்து, 2019 ஜூனில், சிகாகோவில் மகன் வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி வந்த மருமகள் அங்கே பிசியோதெரபிஸ்ட். அவர்களுடைய அமெரிக்கச் சங்கத்தின் மாநாடு அந்த மாதம் சிகாகோவிலேயே நடந்தது. அதையொட்டி ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் விருந்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாள். மகனுக்கு ஆபீஸ் வேலை. இவள் வெளியிடத்தில் இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு வர மறுத்துவிட்டாள். "அப்போ நீங்க வாங்க மாமா" என்று என்னை அழைத்துப் போனாள்.

கோட்டும் பட்டுமாக ஒரே கூட்டம். பெரிய பணக்காரர்கள் தரும் நன்கொடை என்று நினைத்தேன். விசாரித்தால் முக்கால்வாசிப் பேர் பிசியோதெரபிஸ்டுகள், அந்தப் படிப்பின் பேராசிரியர்கள், மாணவர்கள். சொந்தப் பணத்தைத்தான் கொடுக்கிறார்கள்.

"இவங்களே ஏன் கொடுக்கணும்?" என்றேன்.

"மாத்திரைன்னா கம்பெனி ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணும், மாமா. வித்தா லாபம் வரும். கையை மடக்கி நீட்டுறதை யார் விற்க முடியும்? அதனால எங்க தொழில்ல இருக்கறவங்களே 1979-ல ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க."

மாணவர்கள் பணம் திரட்டும் விதத்தையும் சொன்னாள். மில்வாக்கி நகரத்து மார்க்கெட் பல்கலைக்கழக மாணவர்கள் 1980-களின் கடைசியில் ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். மற்றக் கல்லூரிகளும் டி-ஷர்ட் விற்று, ஓட்டப்பந்தயம் நடத்திப் பணம் சேர்த்து அறக்கட்டளைக்குக் கொடுப்பார்கள். அதிகம் கொடுத்த கல்லூரியின் பெயர் அடுத்த வருடப் போட்டியின் பெயரோடு சேர்ந்துகொள்ளும். பரிசு அந்தப் பெருமைதான்.

சேர்ந்த பணம் உதவித்தொகையாகவும் ஆய்வு நிதியாகவும் போகிறது. ஒரு உதவித்தொகை ஃபுளோரன்ஸ் கெண்டல் என்ற அம்மையார் பெயரில் இருக்கிறது. தசைகளின் பலத்தைச் சோதிப்பது பற்றி அவரும் கணவரும் 1949-ல் வெளியிட்ட புத்தகத்தைத் திருத்திய பதிப்புகளில் இன்றும் படிக்கிறார்களாம்.

"அஞ்சாறாயிரம் டாலரை வச்சு என்ன பெரிய ஆராய்ச்சி பண்ணிட முடியும்?" கடன் மனுவைப் பார்க்கிற குரலில்தான் கேட்டேன்.

"பெரிய ஆய்வுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் மாமா. ஆனா அங்க போய் நிக்கணும்னா முதல்ல சின்னதா ஒண்ணு செஞ்சு காட்டணும். அந்த முதல் பணம் இந்த மாதிரி இடத்துலதான் கிடைக்கும்."

அரசாங்கப் பணத்தில் நடந்த பெரிய ஆய்வுக்கு உதாரணமாக ஒன்றைச் சொன்னாள். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வுல்ஃப் என்ற பிசியோதெரபிஸ்ட் தலைமையில் நடந்தது, 2006-ல் வெளியானது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசையும். ஒரு பாதிப் பேருக்கு நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் பாதித்த கையையே உபயோகிக்க வைத்து, இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. பயிற்சி எடுத்தவர்களின் கை நன்றாகத் தேறியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் இருந்தது.

மூன்று முதல் ஒன்பது மாதம். நான் நிறுத்தியது நான்காவது மாதம். அப்போதே அந்த ஆய்வு வெளியாகி ஆறு வருடம் ஆகியிருந்தது.

மேடையில் யாரோ விருது வாங்க, எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. மருமகள், "என்ன மாமா, முடியலையா?" என்றாள்.

அந்தத் தம்பி நாள் சொல்லாததற்குக் காரணம் தொழில் தெரியாமை இல்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என் கேள்விக்குப் பதில் எங்கோ தயாராக இருப்பதாக நான் நினைத்திருந்தேன். அந்தப் பதிலை யாராவது பணம் போட்டு, நூற்றுக்கணக்கான பேரைச் சோதித்து, வருடக்கணக்கில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். 250 ரூபாய் வாங்கும் பையனிடம் அதை இலவசமாக எதிர்பார்த்தேன்.

மேஜையில் நன்கொடை அட்டை இருந்தது. நூறு டாலர் எழுதினேன். மகனிடம் செலவுக்கு வாங்கிய பணம்தான்.

ஊருக்கு வந்ததும் பழைய டைரியில் நம்பரைத் தேடி அவருக்குப் போன் செய்தேன். இப்போது உறையூர்ப் பக்கம் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறார். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லப் பார்த்தேன், சரியாக வரவில்லை. மறுபடியும் வர முடியுமா என்று கேட்டேன்.

"வரேன் சார். ஆனா ஏழு வருஷம் ஆயிடுச்சு. எவ்வளவு வரும்னு இப்பவும் சொல்ல முடியாது."

"பரவாயில்ல தம்பி, வாங்க."

வாரம் இரண்டு தடவை வந்தார். இவளும் விடாமல் செய்தாள். இப்போது வலது கையால் டம்ளரைப் பிடிக்கிறாள். தூக்க மட்டும் இடது கை கூட வர வேண்டியிருக்கிறது. நான் நாள் கேட்பதை நிறுத்திவிட்டேன்.