அம்மாவுக்கு இந்த வாரம் என்ன ஷிப்ட்?

எடை கூடிவிட்டது, எடை ஏறவே இல்லை என்று ஓசூரில் என்னிடம் அழைத்து வரப்படும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "வீட்ல யாருக்கு என்ன ஷிப்ட்?" என்றுதான். டயட் சார்ட் வாங்கிப் போகலாம் என்று வந்த பெற்றோர் கொஞ்சம் விழிப்பார்கள். பிள்ளை விழிப்பதில்லை. "அம்மாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் மிஸ், அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிடும். அப்பா நைட் முடிச்சு வந்து படுத்துடும். காலையில நானும் தம்பியும்தான்." ஓர் உணவு ஆலோசகருக்குத் தேவையானதில் பாதி இந்த மூன்று வாக்கியத்தில் வந்துவிடுகிறது.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த ஊர் ஆறு, இரண்டு, பத்து என்ற மூன்று மணிகளில் ஓடுகிறது. பல வீடுகளில் வாராவாரம் ஷிப்ட் மாறும். அடுப்பு எரியும் நேரமும் கூடவே மாறும். முதல் ஷிப்ட் வாரத்தில் பிள்ளையின் காலைச் சாப்பாடு போய்விடும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பள்ளி விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கும். பேக்கரியில் எக் பப்ஸ், தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரியன். இரவு பத்தரைக்கு அம்மா வந்த பிறகுதான் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பதினொன்றரைக்குப் படுத்து எழும் பிள்ளைக்குக் காலையில் பசிக்காது. இதே அட்டவணை ஒரே வீட்டில் அக்காளை எலும்பும் தோலுமாக ஆக்கும், தம்பியைப் பருக்க வைக்கும். இரண்டு பேரையும் "வாயைக் கட்டு", "நல்லா சாப்பிடு" என்று தனித்தனியே திட்டிப் பயனில்லை. வளரும் வயதில் எடையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் வீட்டின் சாப்பாட்டு நேரத்தில்தான் கைவைக்க வேண்டும். என் வேலையில் நான் உறுதியாக நம்புவது இந்த ஒன்றை.

எடை பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் உயரம், பிறகு எடை. கதவு சாத்தியிருக்க வேண்டும். வந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பள்ளி முகாமில் வரிசையில் நிற்கவைத்து "அறுபத்திரண்டு" என்று கூவினால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் அதுவே பெயராகிவிடும். பெரியவர்களுக்கான பிஎம்ஐ கணக்கைப் பிள்ளைகள்மேல் அப்படியே போடவும் கூடாது. இந்திய குழந்தை மருத்துவச் சங்கம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில், 5 முதல் 18 வயது வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கோடுகள் உள்ளன. பெரியவர்களின் 23-க்கு இணையான கோட்டைத் தாண்டினால் எடை கூடுதல், 27-க்கு இணையான கோட்டைத் தாண்டினால் உடல் பருமன். அந்தத் தாளில் ஒரு புள்ளியை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. ஆறு மாதம் கழித்து இரண்டாவது புள்ளி விழட்டும் என்று காத்திருப்பேன். வயதுக்கு வரும் காலத்தில் பெண்பிள்ளைக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இயற்கை. "ரெண்டு வருஷமா ஊதிட்டே போறா" என்று தாய் கவலைப்படும் பிள்ளைகளில் பலர் தங்கள் கோட்டிலேயே ஒழுங்காக ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வைத்தியம் எதுவும் வேண்டாம். தாய்க்குத்தான் அந்த வரைபடத்தைக் காட்டிப் புரியவைக்க வேண்டும்.

இப்போது பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைப் பார்ப்போம். காமராஜர் காலத்தில் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவு, 10-ஆம் வகுப்போடு நிற்கிறது. 2010 முதல் வாரத்துக்கு 5 முட்டை என்றானது இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வரம். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கானது. பெண்பிள்ளை விறுவிறுவென்று உயரத் தொடங்குவது ஏறக்குறைய ஆறாம் வகுப்பில். ஆண்பிள்ளைக்கு அது எட்டு, ஒன்பதாம் வகுப்பு. உடம்பு அதிகமாகக் கேட்கத் தொடங்கும் ஆண்டில் பள்ளியின் காலைத்தட்டு விலகிவிடுகிறது; பிளஸ் ஒன்னில் மதியத்தட்டும் போகிறது.

இதன் விளைவை இரும்புச்சத்து மாத்திரையில் காணலாம். வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று என்று கொடுக்கப்படும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பெண் அதை விழுங்கினால் குமட்டும். ஒரு முறை குமட்டினால் அடுத்த வாரம் அது ஜன்னல் வழியே போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், மலம் கருப்பாகப் போவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்பது நான் ஆசிரியைகளிடம் சலிக்காமல் சொல்வது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு எடை கூடுதல். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம். பருத்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பார்க்காமல் விடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

இந்த மண்ணில் விளைவதைச் சாப்பிட்டாலே பெரும்பகுதி சரியாகும். தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கம் மானாவாரி நிலமெல்லாம் கேழ்வரகு. தமிழ் பேசும் வீட்டிலும் தெலுங்கு, கன்னடம் பேசும் வீட்டிலும் தட்டில் அதே உருண்டைதான். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 13 முதல் 15 வயதுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நல்ல பெரிய களி உருண்டை ஒன்றே மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடும். கூடக் கொள்ளு ரசமோ, பனிக்காலத்தில் பிதுக்குப் பருப்புக் குழம்போ, கீரை மசியலோ இருந்தால் புரதமும் இரும்பும் வந்து சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. அதற்குப் பதில் ஒரு கொய்யாத் துண்டு போதும்.

ஆனால் களியை எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். "கேழ்வரகு தின்னா கருத்துடுவே" என்று பாட்டி சொன்னது ஒரு பக்கம். அது பழைய ஊர்ச் சாப்பாடு என்ற கூச்சம் மறுபக்கம். தோலின் நிறம் பரம்பரையில் வருவது, கேழ்வரகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நூறு முறை சொல்லலாம். நிறத்துக்கும் இடுப்புக்கும் கைப்பேசி நாள் முழுக்க மதிப்பெண் போடும் காலத்தில் அது எடுபடுவது கடினம். அதனால் வாதாடுவதில்லை. காலைக்குக் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டு, முந்தின இரவே பிசைந்து வைத்தது என்று எழுதுவேன். அடைக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

பட்டினி கிடக்கும் பெண்களைக் கையாள்வதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினம். காலை, மதியம் இரண்டும் வெறும் வெள்ளரிக்காய். மாலை ஐந்து மணிக்குக் கை நடுங்கும்போது பேக்கரி. இரவெல்லாம் குற்ற உணர்ச்சி. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டயான் நியூமார்க்-ஸ்டைனர் நடத்திய நீண்ட ஆய்வில், டயட் இருந்த வளரிளம் பிள்ளைகளுக்கே ஐந்து ஆண்டுகள் கழித்து எடை கூடும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. வீட்டில் உடம்பைக் கேலி செய்வதும் தீங்கே என்று அதே ஆய்வு காட்டியது. அதனால் என் மேசைக்கு எதிரே "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்ற சொற்களுக்கு இடமில்லை. மாமா, சித்தி யார் வந்தாலும் அதே விதி.

பையன்களுக்கு வேறு வியாதி. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஜிம்மும் பவுடர் டப்பாவும் இங்கே வர நேரமாவதில்லை. பிளஸ் டூ பையனுக்கு ஒரு நாளைக்கு சுமார் 55 கிராம் புரதம் தேவை. இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கை வேர்க்கடலை, ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல், வழக்கமான சோறு எல்லாம் கூட்டினால் அறுபதைத் தாண்டும். இந்தக் கூட்டலை நான் போட்டுக் காட்டுவதில்லை. பேனாவை அவன் கையில் கொடுத்துவிடுவேன். தானே போட்ட கணக்கை எந்தப் பையனும் மறுப்பதில்லை.

கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கருத்துத் தடித்திருந்தால் அம்மாக்கள் அதை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சையும் கடலைமாவும் போட்டுத் தேய்க்கிறார்கள். அது தேய்த்துப் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கக்கூடும்; சர்க்கரை பார்க்க வேண்டும். மூன்று மாதமாக மாதவிடாய் நின்றிருந்தால், சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தால், மயங்கி விழுந்தால், எடை மளமளவென்று இறங்கினால், அது உணவு ஆலோசகர் தனியாகக் கையாளும் விஷயம் இல்லை; உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புவேன். மனத்துயரம் தெரிந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் தாளில் எழுதிக் கொடுப்பேன்.

மற்றவர்களுக்கு நான் தரும் தாளில் கலோரி இருக்காது. மூன்று கட்டங்கள் இருக்கும்: முதல் ஷிப்ட் வாரம், இரண்டாம் ஷிப்ட் வாரம், நைட் வாரம். ஒவ்வொன்றிலும் காலைத்தட்டை யார் எடுத்து வைப்பது, மாலை நான்கரைக்குப் பையில் என்ன இருக்கும், இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் எப்படி முடியும் என்ற மூன்றே கேள்விகள். அம்மா பத்தரைக்கு வந்தால் பிள்ளையோடு ஒரு டம்ளர் பால் குடித்துப் பேசட்டும். சோறு அதற்கு முன்பே முடிந்திருக்கட்டும். முதல் மாதத்தில் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். காலைத்தட்டு திரும்ப வந்தாலே மாலைப் பப்ஸ் தானாகக் குறையத் தொடங்கும்.

இதற்கு மேல் என் கையில் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்று வைத்தது. ஷிப்டில் நிற்பவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும் என்பது அன்றே சட்டமாகிவிட்டது. அந்த ஷிப்டுக்காக வீட்டில் விட்டு வரப்பட்ட பிள்ளைக்கும் அதே நியாயம் பொருந்தும். காலை உணவுத் திட்டத்தை ஐந்தாம் வகுப்புக்கு மேலும் நீட்டுவதென்றால், ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஷிப்ட் ஊர்களில் முதலில் தொடங்கலாம். அதுவரை முதல் ஷிப்ட் வாரங்களில் முதல் மணி அடிப்பதற்கு முன் வகுப்பாசிரியர் "இன்னைக்குச் சாப்பிட்டு வந்தியா?" என்று கேட்கலாம். எடைமெஷின் சொல்லாததை அந்தப் பதில் சொல்லிவிடும்.