ஆளுக்கு அளந்த கம்பு

பிள்ளைகளே, பனியில் வழுக்கி விழுந்திருக்கிறீர்களா? கட்டாயம் விழுந்திருப்பீர்கள். ஒஸ்லோவின் மாரிகாலத்தில் விழாத பிள்ளை யார்? நான் விழுந்த ஒரு கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தம்பிக்கு ஏழு வயது. குரூருட் பள்ளத்தாக்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். நான் இரண்டு வருடமாகத் தற்காப்புக் கலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெறுங்கால், வெள்ளை உடுப்பு, வழுக்காத விரிப்பு. அதில் நின்று என் தலை உயரத்துக்குக் காலைத் தூக்கி உதைப்பேன். வீட்டுக்குச் சொந்தக்காரர் வந்தால் அம்மா, "பிள்ளை, ஒருக்கா அந்த உதையைக் காட்டு" என்று சொல்லுவா. நானும் காட்டுவேன். எல்லோரும் கை தட்டுவார்கள். இனி என்னை ஒருவரும் தொட முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் ஒரு நாள். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தம்பியைக் கூட்டிக்கொண்டு நிலக்கீழ் ரயிலால் இறங்கி வந்தேன். நிலையத்துக்கு வெளியே மூன்று பெரிய பெடியங்கள் நின்றார்கள். ஒருவன் தம்பியின் தொப்பியைப் பறித்தான். அம்மம்மா பின்னி அனுப்பிய சிவப்புத் தொப்பி அது. தம்பி துள்ளித் துள்ளிக் கேட்டான். அவர்கள் தொப்பியை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் செய்கிற மாதிரியே நின்றேன். காலைத் தூக்கினேன்.

என்ன நடந்தது தெரியுமா? காலில் பாரமான குளிர்ச் சப்பாத்து. உடம்பில் முழங்கால் வரைக்கும் தொங்குகிற தடித்த ஜக்கெட். முதுகில் பள்ளிக்கூடப் பை. காலுக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஐஸ். என் கால் இடுப்பு உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. மற்றக் கால் வழுக்கியது. தொப்பென்று விழுந்தேன். அவர்கள் சிரித்தார்கள். தொப்பியைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்கள்.

தம்பி ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "அக்கா, நோகுதோ?" என்று கேட்டான். அதுவரைக்கும் நான் அழவில்லை. அவன் கேட்டதும் அழுதுவிட்டேன்.

அப்பா உணவகம் ஒன்றில் சமையல் வேலை செய்தார். இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். நான் நித்திரை கொள்ளாமல் இருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"நீ வடிவாத்தான் பழகியிருக்கிறாய், பிள்ளை. ஆனால் ஐஸிலை பழகேல்லை."

பிறகு அப்பப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பப்பா யாழ்ப்பாணத்தில் தன் ஊரில் சிலம்பம் பழகியவர். சிலம்பம் என்றால் நீளமான கம்பைச் சுழற்றி ஆடுகிற எங்கள் தமிழ்க் கலை.

"சிலம்பக் கம்பு எவ்வளவு நீளம் எண்டு தெரியுமோ?" என்று அப்பா கேட்டார்.

"தெரியாது."

எங்கள் வீட்டில் ஒரு கதவு நிலை இருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளும் எங்கள் உயரத்தை அதில் பென்சிலால் குறிப்போம். அப்பா என்னை அதில் சாய்த்து நிறுத்தினார். என் நெற்றிக்கு நேரே விரலை வைத்தார்.

"இவ்வளவுதான் உன்ரை கம்பு. தம்பியின்ரை இன்னும் கட்டை. கம்பை ஆளுக்கு அளந்துதான் வெட்டோணும். கம்புக்கு ஏற்ற மாதிரி ஆளை வெட்ட ஏலாது, விளங்குதோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சொல் மனத்தில் நின்றுவிட்டது.

இரண்டு மாதத்தின் பின், அப்பாவோடு வேலை செய்த ஒருவர் வேறொரு வகுப்பைப் பற்றிச் சொன்னார். அது குருனர்லக்காவில், ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் நடந்தது. சுவரில் புரூஸ் லீயின் படம் தொங்கியது. அவரை நான் படத்தில் நடிக்கிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே பழக்கியது அவர் உருவாக்கிய ஜீட் குன் டோ என்ற கலை.

பயிற்சியாளர் ஒரு நோர்வேஜியர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"நீ வீட்டுக்குப் போகும்போது என்ன போட்டுக்கொண்டு போவாய்?"

"ஜக்கெட், குளிர்ச் சப்பாத்து, முதுகுப் பை."

"அப்படியென்றால் அடுத்த வகுப்பை அதோடேயே செய்வோம். வெளியில், முற்றத்தில்."

அடுத்த கிழமை பனியில் நின்று பழகினோம். காலை உயரத் தூக்க வேண்டாம் என்றார். எதிரில் வருபவரின் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் எலும்பில் சின்னதாக ஒரு உதை போதும். ஆனால் அதற்கு முன்பு செய்ய வேண்டியவை வேறு இருந்தன. முதலில் தூரம். ஒருவர் கை நீட்டினால் உன்னைத் தொட முடியாத தூரத்தில் நில். அவர் ஒரு அடி முன்னுக்கு வந்தால் நீ ஒரு அடி பின்னுக்குப் போ. அடுத்தது குரல். வயிற்றிலிருந்து "ஸ்டொப்!" என்று கத்து. அதற்குப் பிறகு, வழி இருந்தால் ஓடு. ஓடுவது வெட்கம் இல்லை. அதுவும் கலைதான்.

இனி புரூஸ் லீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்குப் பிடிக்கும்.

அவர் 1940இல் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். வளர்ந்தது ஹொங்கொங்கில். அங்கே இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் என்ற சீனக் கலையைப் பழகினார். 1959இல், பதினெட்டு வயதில், திரும்பவும் அமெரிக்காவுக்குப் போனார். சியாட்டில் நகரில் ஒரு உணவகத்தில் வேலை செய்துகொண்டே படித்தார். பல்கலைக்கழகத்தில் தத்துவமும் படித்தார். சீனர், வெள்ளையர், கறுப்பர் என்று பார்க்காமல் விரும்பி வந்த எல்லோருக்கும் கலையைச் சொல்லிக் கொடுத்தார்.

1964இல் ஓக்லண்ட் நகரில் இன்னொரு குங்ஃபூ வீரரோடு அவருக்கு ஒரு மோதல் நடந்தது. அந்த மோதலைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். புரூஸ் லீக்கோ தன் ஆட்டத்தில் திருப்தி இல்லை. தனக்கு மூச்சு வாங்கியதையும், பழகிய முறை கைகொடுக்காமல் போனதையும் யோசித்தார். ஓடிப் பழகினார், உடம்பைப் பலப்படுத்தினார். குத்துச்சண்டையில் இருந்து கால் அசைவுகளை எடுத்தார். வாள்வீச்சில் இருந்து, எதிரி தாக்கத் தொடங்கும்போதே தடுத்துத் தாக்கும் முறையை எடுத்தார். தனக்கு உதவாததை விட்டுவிட்டார். 1967இல் தன் முறைக்கு ஜீட் குன் டோ என்று பெயர் வைத்தார். ஜீட் என்றால் குறுக்கே வந்து தடுப்பது. குன் என்றால் முட்டிக் கை. டோ என்றால் வழி. தடுக்கும் கையின் வழி என்று நாங்கள் சொல்லலாம்.

1970இல் அவருக்கு முதுகில் பெரிய காயம். பல மாதம் படுக்கையில் இருந்தார். உதைக்க முடியாத நாட்களில் என்ன செய்தார்? வாசித்தார், யோசித்தார், தாள் தாளாக எழுதினார். அந்தக் குறிப்புகள், அவர் இறந்து இரண்டு வருடத்தின் பின், 1975இல் புத்தகமாக வந்தன. 1973இல் இறந்தபோது அவருக்கு வயது 32தான்.

ஒவ்வொருவரும் தன் உடம்புக்கும் தன் இடத்துக்கும் ஏற்றதைத் தேட வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. அதைக் கேட்டபோது எனக்குக் கதவு நிலையும் அப்பாவின் விரலும் ஞாபகம் வந்தன. கம்பை ஆளுக்கு அளந்து வெட்டு. அப்பப்பாவும் புரூஸ் லீயும் சந்தித்ததில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பாடத்தைத்தான் சொன்னார்கள்.

இதோடு கதை முடிந்தால் நல்லாய் இருக்கும். ஆனால் முடியவில்லை. அடுத்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம்தான்.

எனக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது என் வகுப்புப் பெடியன் ஒருவன் பகிடி விட்டுக்கொண்டு என் பையைப் பின்னால் இழுத்தான். "விடு" என்றேன். விடவில்லை. "ஸ்டொப்!" என்று கத்தினேன். இன்னும் இழுத்தான். நான் திரும்பி அவன் காலில் ஒரு சின்ன உதை கொடுத்தேன். பனிதான், ஆனால் இந்த முறை நான் விழவில்லை. அவன் பையை விட்டான். ஒரு அடி பின்னுக்குப் போனான். இரண்டு கையையும் தூக்கினான்.

அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் நான் நிறுத்தவில்லை. ஒரு அடி முன்னுக்குப் போய் அவன் முகத்தில் குத்தினேன். அவன் மூக்கில் இருந்து இரத்தம் வந்தது. வெள்ளைப் பனியில் சிவப்புத் துளிகள் விழுந்தன.

அன்று பின்னேரம் வகுப்புக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். பயிற்சியாளர் கை தட்டவில்லை.

"முதல் அடி எதற்கு?" என்று கேட்டார்.

"அவன் பையை விடவில்லை. அதற்கு."

"இரண்டாவது அடி எதற்கு?"

நான் வாய் திறக்கவில்லை. எனக்குப் பதில் தெரியும், பிள்ளைகளே. அந்த இரண்டாவது அடி அவனுக்கு உரியது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு தம்பியின் தொப்பியைப் பறித்தவர்களுக்கு உரியது. அதை நான் மனத்துக்குள்ளே சுமந்துகொண்டு திரிந்து, வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

பயிற்சியாளர் எனக்கு ஒரு நோர்வேஜியச் சொல்லைச் சொல்லித் தந்தார். "நோட்வேர்கே." தமிழில் தற்காப்பு என்று சொல்லலாம். இன்றைய நோர்வேக் குற்றவியல் சட்டத்தின் 18ஆவது பிரிவில் அது இருக்கிறது. உங்களை ஒருவர் தாக்கினால் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தடுப்பதற்குத் தேவையான அளவுக்குத்தான். அவர் நிறுத்திய பிறகு அடித்தால் அது தற்காப்பு இல்லை. அது அடிபிடி.

"நீ ஐஸைப் பார்த்தாய், சப்பாத்தைப் பார்த்தாய்" என்றார் அவர். "எல்லாவற்றுக்கும் ஏற்ற மாதிரி மாறினாய். ஆனால் அவன் கையைத் தூக்கியபோது நிலைமை மாறியதே, அதை நீ பார்க்கவில்லை. அங்கேதான் நீ மாறியிருக்க வேண்டும்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அடுத்த நாள் அப்பா வேலைக்கு லீவு போட்டார். இருவரும் அந்தப் பெடியனின் வீட்டுக்குப் போனோம். அம்மா ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் சுட்டுத் தந்தா. வாசலில் அவனுடைய தாய் நின்றா. நான் நோர்வேஜிய மொழியில், "மன்னியுங்கள். அவன் நிறுத்திய பிறகும் நான் அடித்தேன்" என்று சொன்னேன். சொல்லும்போது என் கால் நடுங்கியது. ஐஸில் விழுந்த அன்றுகூட அப்படி நடுங்கவில்லை.

அவன் உள்ளே இருந்து வந்தான். மூக்கு வீங்கியிருந்தது. ரோல்ஸ் பெட்டியைப் பார்த்தான். "உறைக்குமா?" என்று கேட்டான். "கொஞ்சம்" என்றேன். ஒன்றை எடுத்துக் கடித்தான். பிறகு, "நானும் பையை விட்டிருக்க வேணும்" என்றான்.

இப்போது நான் வளர்ந்துவிட்டேன். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நானும் பழக்குகிறேன். என்னிடம் வருகிற பிள்ளையிடம் நானும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். "வீட்டுக்குப் போகும்போது என்ன போட்டுக்கொண்டு போவாய்?" பிறகு நிற்கவும், பின்னுக்குப் போகவும், கத்தவும் பழக்குகிறேன். கடைசியில் நிறுத்தப் பழக்குகிறேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தடுக்கும் கை என்று புரூஸ் லீ பெயர் வைத்தார் அல்லவா? எங்கள் சொந்தக் கையையும் அது சில நேரம் தடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களை யாராவது துன்புறுத்தினால் அதைத் தனியே சுமக்காதீர்கள். அம்மா, அப்பா, ஆசிரியர் யாரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் நோர்வேயில் பிள்ளைகளுக்கென்றே 116 111 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. உடனே ஆபத்து என்றால் பொலிசுக்கு 112. நான் என் கோபத்தை இரண்டு வருடம் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அது என்ன செய்தது என்று நீங்கள் இப்போது அறிவீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். கதவு நிலையில் நேராக நில்லுங்கள். உங்கள் நெற்றிக்கு நேரே அம்மாவையோ அப்பாவையோ பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான் உங்கள் கம்பு. அடுத்த வருடம் அது இன்னும் கொஞ்சம் நீளும். அப்போது திரும்பவும் அளவுங்கள்.