மிளகாய்க் காசு தப்பியது!

அக்கா மகளிடம் இருப்பது, பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. போட்டித் தேர்வுக்கும் அதுதான் துணை. ஆனால், ஆன் செய்தால் ஏழெட்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். "மொளகா வித்த காசு இருக்கு, புதுசு வாங்கிருவோமாடா தம்பி?" என்றாள் அக்கா. எங்கள் கமுதிப் பக்கம் அந்தக் காசுதான் அடுத்த விதைப்புக்கு.

விண்டோஸ் 10-லேயே வைத்தியம் உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைத் திறந்தால், கணினியோடு சேர்ந்தே கண்விழிக்கும் செயலிகளின் பட்டியல். எது எவ்வளவு சுமை என்பதும் தெரியும். 'ஹை' என்றிருந்த வீடியோ கால், பாட்டுச் செயலிகளை 'டிசேபிள்' செய்தோம். அவை அழியாது, வேண்டும்போது திறக்கலாம். ஆன்டிவைரஸைத் தொடவில்லை.

இப்போது இரண்டே நிமிஷம்! உங்கள் வீட்டுக் கணினி சோம்பினாலும், கடைக்குக் கிளம்பும்முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.