கொச்சிக்கடையில் ஒரு செவ்வாய்க்கிழமை

கொழும்புக்குப் போய் வரும் எமது மட்டக்களப்புப் பெண்களிடம் எங்கெங்கே போனீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். புறக்கோட்டையில் துணி எடுத்தது, பெரியாஸ்பத்திரியில் யாரையோ பார்த்தது, கடவுச்சீட்டு அலுவலகத்தில் காத்திருந்தது, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியது. சொல்பவர் இந்துவாகவும் இருப்பார். கத்தோலிக்கக் கோயிலுக்கு நீங்கள் ஏன் போனீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. அண்மையில் அலுவலக வேலையாகக் கொழும்பில் நின்றபோது எனக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை வாய்த்தது. செவ்வாய் அந்தோனியாரின் நாள்.

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போனேன். புறக்கோட்டைப் பிரதான வீதியின் சன நெரிசலில் நாட்டாமைகளின் கைவண்டிகளுக்கு வழிவிட்டு நடப்பதே ஒரு வித்தை. செட்டியார் தெருவுக்கு வந்தால் இரு பக்கமும் நகைக்கடைகள், இடையில் கதிரேசன் கோயில்கள். அதையும் தாண்டினால் கொச்சிக்கடை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலும் இங்கேதான் இருக்கிறது. ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயமும் தூரத்தில் இல்லை. ஒரு மணி நேர நடையில் இத்தனை வழிபாட்டுத் தலங்களைப் பார்க்கக்கூடிய நகரப் பகுதி வேறெங்கும் இருக்குமோ தெரியாது.

இந்தக் கோயிலின் தொடக்கமே ஒளிந்து வாழ்ந்த கதை. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்தார்கள். குருக்கள் வெளிப்படையாக நடமாட முடியாது. 1687இல் இலங்கைக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில்தான் ஊர் ஊராகத் திரிந்தார். (இவரைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார்.) பின்னர் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் பகலில் வியாபாரியாகவும் இரவில் குருவாகவும் வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். கடல் கரையை அரித்தபோது மீனவர்கள் அவரிடம் வந்து முறையிட்டார்களாம். அவர் மணலில் சிலுவையை நட்டு மன்றாட, கடல் பின்வாங்கியதாம். கொச்சிக்காரரின் கடை இருந்த இடம் கொச்சிக்கடை ஆயிற்று என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தது. இப்போது நாம் பார்க்கும் பெரிய கோயில் 1834இல் திறக்கப்பட்டது.

வாசலில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். உள்ளே நிற்க இடமில்லை. நவநாள் செபம் சிங்களத்தில் நடந்துகொண்டிருந்தது. தமிழுக்கும் தனி நேரம் உண்டு. சொரூபம் வைத்த கண்ணாடிப் பெட்டியில் கையை வைத்துக் கண்மூடி நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். நெற்றியில் குங்குமத்துடன் ஒரு தாய், வேலைத்தலச் சீருடையுடன் இரண்டு சிங்களப் பிள்ளைகள், புதுக் கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி ஒரு மலையகப் பெண். அவள் எந்த நாட்டுக்கு, எந்த வீட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாளோ!

சுவரோரம் எனக்கு இடம் ஒதுக்கித் தந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் வீடு. கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டமல்ல. ஒரு குழாயையும் ஒரு ஒழுங்கையையும் பல குடும்பங்கள் பங்கிடும் நெருக்கமான குடியிருப்பு. காலையில் ஒரு கந்தோரைக் கூட்டித் துடைத்துவிட்டு இங்கே வருவாராம்.

"என்னம்மா கேட்டு மன்றாடுகிறீர்கள்?" என்றேன்.

"ஒண்ணும் கேக்க மாட்டேன் தங்கச்சி. வீட்டுல இருந்தா யாராவது ஏதாவது வேலை சொல்லுவாங்க. இங்க ஒரு மணித்தியாலம் யாரும் எழுப்ப மாட்டாங்க."

திருச்சபையின் நகரப் பணி என்றதும் நாம் பாடசாலையை, மருந்தகத்தை, அரிசிப் பொதியை நினைக்கிறோம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பெண் காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல் உட்காருவதற்குக் கொழும்பில் எத்தனை இடங்கள் உண்டு? இந்த வாங்கும் ஒரு பணிதான் என்று எனக்குப் பட்டது.

அந்த வாங்குகள் மீதுதான் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், எங்கள் ஊரில் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் வெடித்தது. மொத்தம் 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பலர் என்பதை மட்டக்களப்பில் எவரும் மறக்கவில்லை. கொச்சிக்கடைக் கோயிலைக் கடற்படையினர் திருத்திக் கொடுக்க, அந்தோனியார் திருநாளுக்கு முந்திய நாளான யூன் 12இல் அது மீண்டும் திறந்தது. சீயோன் சபையாரோ நெடுங்காலம் வேறிடத்தில்தான் ஆராதனை நடத்தினார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அம்மாவின் தோட்டத்தில் அன்று ஒரு வீட்டில் தாயும் மகளும் போய்விட்டார்கள். பல மாதங்கள் கன்னியாஸ்திரிகள் அந்த வீட்டுக்கு வந்து, தனித்துப்போன தகப்பனோடு ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போவார்களாம். கொழும்பு மறைமாவட்டத்தின் சமூகப் பணி நிறுவனமான செத் சரண பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவியது. அது கணக்கில் வரும். பேசாமல் இருந்த மணித்தியாலங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொன்றும் சொன்னார். பக்கத்து ஒழுங்கை முஸ்லிம் சிநேகிதி ஒருத்தி பிள்ளைக்குச் சுகமில்லாத காலத்தில் அவரோடு இங்கே வருவாளாம். குண்டுவெடிப்புக்குப் பிறகு வரவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை முஸ்லிம் மக்களை நோக வேண்டாம் என்று அப்போதே கேட்டுக்கொண்டார். ஆனாலும் அடுத்த மாதமே சில ஊர்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. "வாசல்ல பையத் திறக்கச் சொல்றப்போ அவள எல்லாரும் பார்ப்பாங்கன்னு பயம்" என்றார் அம்மா. சோதனை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண் இழந்தது பெரியது. அந்தக் கோயில் இழந்தது அதைவிடப் பெரியது.

மாலையில் மருதானைக்குப் போனேன். அங்கே ஏழைகளின் சிறிய சகோதரிகள் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். 1839இல் பிரான்ஸில் ஜான் ஜுகான் என்ற பெண், பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து தன் கட்டிலைக் கொடுத்ததில் தொடங்கிய சபை இது. யாசித்துப் பெறும் பொருளில்தான் முதியவர்களைப் பராமரிப்பது என்பது அவர்களின் வழக்கம். எந்த மதத்து முதியவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

விறாந்தையில் இருந்த ஒரு பாட்டி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "மகள் மட்டக்களப்பா?" என்றார். அவருக்கும் ஏறாவூர்ப் பக்கமாம். வந்து எத்தனை வருடம் என்று சொல்லத் தெரியவில்லை. கொழும்பில் என்ன குறை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இங்கே தயிர் கோப்பையில் வருகிறது, சட்டியில் வருவதில்லை என்றார். அடுத்த முறை ஒரு சட்டி எருமைத்தயிர் கொண்டுவரச் சொன்னார். பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் அது தாங்குமா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.