லைசென்ஸ் வந்தாச்சு, இன்சூரன்ஸ்?

லைசென்ஸ் கைக்கு வந்த பத்தாம் நாளே மாமாவின் பழைய மாருதி 800 எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ராஜகோபுரத்துக்கு எதிரே பூஜை போட்டு எலுமிச்சம்பழமும் நசுக்கியாச்சு. அடுத்தது இன்சூரன்ஸ்.

"பதினெட்டு வயசுப் பையனா? தீட்டிடுவாங்கடா" என்றான் நண்பன். அவன் அண்ணன் லண்டனில் இருக்கிறார். அங்கே வயசையும் பார்த்துத்தான் பிரீமியமாம். நம் நாட்டில் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசே கட்டணம் வைக்கிறது. பார்ப்பது வயசை இல்லை, இன்ஜினை. 2022-ல் நிர்ணயித்தபடி 1000 சிசிக்கு மேல் போகாத காருக்கு வருஷம் 2,094 ரூபாய், வரி தனி. மாருதி 800-க்கு 796 சிசிதான்!

நண்பன் விடவில்லை. "முதல் தடவை மாட்டினா அபராதமே 2,000தான்டா!" கணக்கு சரிதான். ஆனால் யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுக்க நம் தலையில்தான்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "ஓட்டுற இவனுக்கு ஏதாவது ஆனா?" விசாரித்தோம். 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஓட்டுகிற உரிமையாளருக்குத்தான். ஆர்சி அப்பா பெயரில் இருந்தால் எனக்கு அது கிடையாது. சில நூறு ரூபாய் சமாசாரம். அப்பா பேசாமல் வண்டியை என் பெயருக்கே மாற்றிவிட்டார்.

பௌர்ணமி இல்லாத நாளிலும் நம்ம கிரிவலப் பாதையில் யாராவது வெறுங்காலில் நடந்துகொண்டே இருப்பார்கள். அந்த 'மூன்றாம் நபர்' அவர்கள்தான். ஹார்ன்கூட இப்போது மெதுவாகத்தான் அடிக்கிறேன் :-)