சுவரில் எழுதிய பெயர்கள்

மாளிகைகளைச் சுற்றிப் பார்க்கிறபோது எனக்கு ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. கட்டிய பிரபுவின் பெருமையை வழிகாட்டி சொல்லி முடித்ததும், "தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது யார் ஐயா?" என்று கேட்டுவிடுவேன். என்னை ஏற இறங்கப் பார்ப்பார்களே தவிர, பதில் வராது. பதில் சொன்ன இடம் ஒன்றே ஒன்றுதான். அது இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில் இருக்கிற ஹெலிகன் தோட்டம்.

ட்ரெமெய்ன் குடும்பத்தார் 400 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த பண்ணை அது. இமயத்திலிருந்து போன விதையில் முளைத்த ரோடோடென்ட்ரான்கள் அங்கே பெரு மரங்களாக நிற்கின்றன. அன்னாசிக்காக அவர்கள் பட்ட பாடோ, நம் பழக்கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்! செங்கல்லால் குழி கட்டி, மேலே கண்ணாடி போட்டு, இரு பக்கமும் பள்ளம் எடுத்து, அதில் குதிரைச் சாணத்தை நிரப்புகிறார்கள். சாணம் மக்கும்போது எழுகிற சூடு செங்கல் வழியாக உள்ளே போய்ச் செடியைக் காக்கிறது. சூடு தணியத் தணியப் புதுச் சாணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிரபுவின் மேஜைக்கு ஒரு பழம் வருவதற்குள் எத்தனை கூடை சாணம், எத்தனை முதுகுகள்!

அந்த முதுகுகளுக்குச் சொந்தக்காரர்கள் 22 தோட்டக்காரர்கள். 1914-ல் யுத்தம் மூண்டது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1916-ல் 8 பேர்தான் மிச்சம். பின்னர் குடும்பமும் வெளியேறிற்று. முள்ளும் கொடியும் தோட்டத்தை விழுங்கின. 1970-களில் மாளிகையைக் கூறு போட்டு, தனித்தனி வீடுகளாக விற்றுவிட்டார்கள். 1990-ல் டிம் ஸ்மிட் என்பவரும், குடும்ப வாரிசான ஜான் வில்லிஸும் புதரை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். 1992-ல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

என்னை அழைத்துப் போனவன் லண்டனில் வேலை பார்க்கும் என் மருமான். தோட்டத்து மூலையில் ஒரு சிறு அறைமுன் நான் நின்றதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, இது தோட்டக்காரர்களின் பழைய கக்கூஸ். இதைப் பார்க்கவா ஐந்து மணி நேரம் கார் ஓட்டினேன்?"

"சுவரைப் பாரடா" என்றேன்.

சுண்ணாம்புச் சுவரில் பென்சில் கையெழுத்துகள். கூடவே தேதி: 1914 ஆகஸ்டு. யுத்தம் தொடங்கிய அதே மாதம். பாதி அழிந்த எழுத்துக்களை அவன் கூட்டிக் கூட்டிப் படித்தான். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

பழைய தோட்டத்தைப் புதுப்பிக்கிறவர்கள் வழக்கமாகப் பிரபுவைத்தான் உயிர்ப்பிப்பார்கள். இவர்கள் அந்தக் கையெழுத்துக்காரர்களை உயிர்ப்பித்தார்கள். அவர்கள் கட்டிய குழியிலேயே, அவர்கள் செய்தபடியே சாணம் போட்டு, மறுபடி அன்னாசி விளைவித்தார்கள். 2013-ல் ஏகாதிபத்திய யுத்த அருங்காட்சியகம் அந்த அறையை உயிருள்ள நினைவுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

இதில் எனக்கொரு சங்கடமும் இல்லாமலில்லை. அந்தப் பென்சில் கோடுகள் மறைந்திருந்தால், அந்த மனிதர்கள் உழைத்த உழைப்பு குறைந்தா போயிருக்கும்? எழுதத் தெரியாதவர்களும், சுவரே கிடைக்காதவர்களும் உலகத்துத் தோட்டங்களில் எத்தனை பேரோ! அவர்கள் சார்பில் கையெழுத்திட யாருமில்லை. ஆகவே, மாளிகை பார்க்கப் போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்கட்டின் ஓவியங்களை ரசித்துவிட்டு, பின்கட்டுப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள்.